காலணா வளர்த்த எழுத்து

கலைமகள் குடியிருக்கும் வீட்டில் திருமகள் கால் வைக்கமாட்டாள் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். எழுத்தை நம்பி வாழலாமா என்று கேட்கும் இளைஞனுக்குப் பெரியோர் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தையே விடையாகக் கொடுத்து அனுப்பிவிடுவர். சொல்வது எளிது, ஆயினும் அது சரியான விடையாகுமா என்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

சென்ற ஆண்டு விடுமுறையில், நாம் பிறந்து வளர்ந்த நந்திதுர்க்கிற்குச் சென்றிருந்தோம். கோலார் தங்கவயலின் சுரங்கப் பகுதிகளுள் அது ஒன்று. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க் என்று அச்சுரங்கங்களின் பெயரைச் சொன்னாலே, வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற எத்தனையோ குடும்பங்களுக்குத் தம் பாட்டன் முகம் நினைவுக்கு வரும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை நேரத்தை அறிவித்த சங்கு ஓய்ந்தது. கல்லை இடித்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகள் மட்டும் சிறு குன்றுகளாய் இன்றும் நிற்கின்றன.

அங்கே நம் தமக்கையின் மகன் ஒரு கேள்வியோடு காத்திருந்தான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானோரில் அவனும் ஒருவன். அந்த இரயிலில் அமர்ந்தே கதைகள் எழுதுகிறான். இரண்டொன்று அச்சேறியும் இருக்கின்றன.

“மாமா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாம் என்றிருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள், அது எனக்குத் தெரியும். ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்” என்றான்.

நமக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. நாமும் எழுத்தால் வாழ்பவர்தாம். மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளர். ஆனால் நாம் எழுதுவதை ஒருவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். ஒரு முறை, அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில், ஒரு நாவலைத் தமிழாக்கினோம். அதனை வெளியிட்ட பதிப்பகத்தின் பெயர் இங்கு வேண்டா. முதலாண்டு கணக்கு வந்தது. ஒரு சிறு தொகையும் வந்தது. அடுத்த ஆண்டு முதல் நம் கடிதங்களுக்கு விடையும் வரவில்லை. இவ்வளவே நம் அனுபவம். இதனை வைத்துக்கொண்டு ஒரு இளைஞனுக்கு அறிவுரை சொல்வது எங்ஙனம்?

அன்றிரவு தமக்கையார் பழைய பெட்டி ஒன்றைத் திறந்து, பாட்டனார் வைத்திருந்த சில சிறு நூல்களை எடுத்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று சாம்பியன் ரீப் சித்தார்த்தா புத்தகசாலையார் வெளியிட்டது. அட்டை கிழிந்து, தாள் பழுத்து, தொட்டால் உதிரும் நிலை. விலை அணாக் கணக்கில் அச்சிடப்பட்டிருந்தது. பூமிக்கடியில் பாறை உடைத்த ஒருவர் அந்த அணாவைக் கொடுத்து அந்நூலை வாங்கியிருக்கிறார். மருமகனின் கேள்விக்கு விடை தேடவேண்டிய இடம் இதுதான் என்று அப்போது நமக்குத் தோன்றியது. எழுத்தாளன் வாழ முடியுமா என்று கேட்பதற்கு முன், எழுத்துக்குக் காசு கொடுப்பவர் யார் என்றல்லவா கேட்கவேண்டும்?

தமிழ்நாட்டில் நெடுங்காலம் இக்கேள்விக்கு விடை ஒன்றே. புலவரை மன்னர் காத்தனர். மன்னருக்குப் பின் சமீன்தாரும் மடாதிபதியும் காத்தனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் வாழ்ந்து, 1876-இல் மறைந்தார். அவருடைய மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியரானார். ஆசிரியர் மடத்தின் சோற்றில் வாழ்ந்தார். மாணாக்கர் அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்தார். ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த இம்மாறுதல் சிறிதன்று.

ஆயினும் சம்பளம் வயிற்றுக்கு ஆயிற்றே தவிர அச்சுக்கூலிக்கு ஆகவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட ஐயரவர்கள் கையொப்பம் வாங்கினார்கள். புத்தகம் வருவதற்கு முன்பே, ‘எனக்கு ஒரு பிரதி வேண்டும்’ என்று பலரிடம் எழுதி வாங்கிக்கொள்வதே கையொப்பம். புரவலர் ஒருவர் பொற்கிழி தருவதற்கு மாறாக, பலர் சிறிது சிறிதாகத் தரும் முறை இவ்வாறு தமிழ் நூற்பதிப்பில் வேர்விட்டது. ஆனால் கையொப்பமிட்டவர் பெரும்பாலும் கற்றவரும் செல்வருமே.

அக்காலத்து நாவலாசிரியர்களை எடுத்துக்கொண்டாலும் நிலை இதுவே. 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். அ. மாதவையா உப்புச் சுங்க இலாகாவில் பணிபுரிந்தவர். பணியிலிருந்து விலகிய பின் 1924-இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் மாத இதழைத் தொடங்கி, மறு ஆண்டே காலமானார். இவர்களுக்கு எழுத்து உயிராக இருந்தது; உணவாக இருக்கவில்லை.

இந்நிலையில்தான் தமிழ் இதழியலில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கங்கள் கொண்ட வார இதழ் ஒன்று வெளிவந்தது. அதன் விலையே அதன் பெயராயிற்று: ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒரு பைசா என்பது அக்காலக் காலணா. நான்கு காலணா ஓரணா; பதினாறு அணா ஒரு ரூபாய். ஆகவே ஒரு ரூபாய்க்கு 64 பைசா. ஆண்டு முழுவதும் 52 வாரம் ஒருவர் அவ்விதழை வாங்கினால் செலவாவது 13 அணா. ஒரு ரூபாய்கூட ஆகாது.

அதன் ஆசிரியர் பண்டிதர் க. அயோத்திதாசர். 1845-இல் பிறந்த அவர் சித்த மருத்துவர். பழந்தமிழ்ச் சுவடிகளில் பயிற்சியுடையவர். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக 1891-இல் திராவிட மகாஜன சபையை நிறுவியவர். 1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். அரசியல், சமயம், வரலாறு, மருத்துவம், வாசகர் ஐயங்களுக்கு விடை என்று எல்லாவற்றையும் தம் இதழில் எழுதினார். அவருடைய ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில்தான் தொடராக வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் இதழின் பெயர் ‘தமிழன்’ என்றாயிற்று. 1914-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறையும்வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், அது வாரந்தோறும் வெளிவந்தது.

மன்னர் இல்லை, மடம் இல்லை, கல்லூரிச் சம்பளம் இல்லை. காலணா விலையுள்ள ஒரு பத்திரிகை ஏழு ஆண்டுகள் எவ்வாறு உயிர் வாழ்ந்தது?

கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு 500 பேர் வாரந்தோறும் அதனை வாங்கினர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்திற்கு 500 பைசா. அதாவது 7 ரூபாய் 13 அணா. அதற்குள் தாள் வாங்கவேண்டும், மை வாங்கவேண்டும், எழுத்துக் கோப்பவருக்கும் அச்சு இயந்திரத்தை ஓட்டுபவருக்கும் கூலி கொடுக்கவேண்டும். எழுதியவருக்கு என்ன மிஞ்சும்? ஆசிரியரின் சொந்த வாழ்க்கை மருத்துவத்தைச் சார்ந்திருந்தது. இதனை மறைத்துப் பேசுவது உண்மைக்கு மாறாகும். அயோத்திதாசர் நோயாளிகளால் வாழ்ந்தார். ‘தமிழன்’ வாசகர்களால் வாழ்ந்தது.

அந்த வாசகர் யார் என்பதே நாம் முதன்மையாகச் சொல்ல வந்த செய்தி. சென்னையில் மட்டும் அவர்கள் இருக்கவில்லை. கோலார் தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, செகந்தராபாத், கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று, தமிழர் கூலிக்கும் பணிக்கும் சென்ற இடங்களிலெல்லாம் ‘தமிழன்’ சென்றது. மாரிக்குப்பத்தில் 1907-இலேயே சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தோன்றியது. ஊரைவிட்டுப் போனவர்களின் காசு, ஊரில் அச்சான ஒரு தமிழ்ப் பத்திரிகையைத் தாங்கி நின்றது. பிற மாநிலங்களில் வாழும் அன்பர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். தமிழ் எழுத்தின் வரலாற்றில் நம்மவர் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை.

இது ஏன் ஊரில் நிகழாமல் தங்கவயல் போன்ற இடங்களில் நிகழ்ந்தது? அதற்குக் காரணங்கள் உண்டு. கிராமத்தில் உழைப்பவனுக்குக் கூலி பெரும்பாலும் தானியமாகக் கிடைத்தது. களத்தில் அளந்து போட்ட நெல்லைக் கொண்டு பத்திரிகைக்குச் சந்தா கட்ட இயலாது. சுரங்கத்திலோ கூலி நாணயமாகக் கிடைத்தது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் வளர்ந்த அச்சுரங்கங்களில் வேலை கொடியது. பாறை வெடிப்பும் சரிவும் உயிர் பறித்தன. சாம்பியன் ரீப் சுரங்கம் பிற்காலத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. எனினும் மாதம் பிறந்தால் கையில் காசு வந்தது. அந்தக் காசை எப்படிச் செலவிடுவது என்பதை முதன்முறையாக அவர்களே தீர்மானித்தனர்.

இரண்டாவது காரணம் சமூகத்தைப் பற்றியது. ஊரில் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என்பதையெல்லாம் பிறர் விதித்திருந்தனர். தங்கவயலிலும் வேற்றுமைகள் இல்லாமற் போகவில்லை, ஆயினும் அங்கே ஒருவன் தன் பெயரால் கூலிப் பட்டியலில் இடம் பெற்றான், சங்கம் கூட்டினான், இரவுப் பள்ளி வைத்தான், தன் பிள்ளையைப் படிக்க அனுப்பினான். 1930-இல் கைவிரல் ரேகை பதிக்கவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அதனை இழிவாகக் கருதி 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் அவர்கள். தன்மானத்திற்காகக் கூலியை இழக்கத் துணிந்தவருக்குத் தன்மானத்தைப் பேசும் பத்திரிகைக்குக் காலணா கொடுப்பது பெரிதன்று.

மூன்றாவது காரணம் படிக்கும் முறை. அன்று எழுத்தறிந்தோர் தொகை மிகக் குறைவு. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது வழக்கம். சுரங்கத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் திண்ணை உண்டோ இல்லையோ, கூடியமர்ந்து கேட்கும் காது உண்டு. ஒரு பிரதி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பிற்காலத்தில் வானொலிப் பெட்டியின் முன் குடும்பம் அமர்ந்து கேட்டதைப் போல, அன்று அவர்கள் ஒரு பத்திரிகையின் முன் அமர்ந்து கேட்டனர்.

அயோத்திதாசர் மறைந்த பின் அவருடைய மகனார் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் அது நின்றுபோயிற்று. ஆனால் வாசகர் அதனை மறக்கவில்லை. 1926-இல் கோலார் தங்கவயலிலிருந்தே ‘தமிழன்’ மீண்டும் வெளிவரத் தொடங்கியது. கோ. அப்பாதுரையார் அதன் ஆசிரியராயிருந்து 1930-களின் இடைப்பகுதி வரை நடத்தினார். சாம்பியன் ரீப் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துக்களை நூல்களாக அச்சிட்டது. சென்னையில் பிறந்த இதழ் சென்னையில் மடிந்து, சுரங்கத் தொழிலாளரின் ஊரில் மறுபிறவி எடுத்தது! எழுதியவர் போன பிறகும் எழுத்தைக் காப்பாற்றியவர்கள் படித்தவர்களே. 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பெருந்தொகுதிகளாக வெளிவந்து, அவர் பெயர் தமிழறிஞரிடையே மீண்டும் விளங்கியது என்றால், இடைப்பட்ட எண்பது ஆண்டுகளும் தாள்களை வீட்டுப் பெட்டிகளில் போற்றி வைத்திருந்த எளிய மக்களே அதற்குக் காரணர்.

இவ்விடத்தில் இன்னொரு பெருமகனையும் நினைக்காமல் மேற்செல்ல இயலாது. 1920-இல் கடையத்தில் இருந்த பாரதியார், தம் எழுத்துக்கள் அனைத்தையும் 40 நூல்களாகப் பிரித்து, நூலொன்றுக்கு 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, அதற்கான முதலைக் கடனாகத் தந்துதவுமாறு நண்பர்களுக்கு எழுதினார். மொத்தம் 4 இலட்சம் பிரதிகள்! அவற்றைத் தமிழர் விரைவில் வாங்கித் தீர்த்துவிடுவர் என்று அவர் மனமார நம்பினார். முதல் திரளவில்லை, திட்டம் நிறைவேறவில்லை. அவர் மீண்டும் சுதேசமித்திரனில் சம்பளத்திற்கு அமர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். பின்னாளில் அவர் நூல்கள் அந்த 4 இலட்சத்தை எளிதாகக் கடந்து விற்றன. 1949-இல் சென்னை அரசாங்கம் அவற்றின் உரிமையை வாங்கி, பின்னர் நாட்டுடைமையும் ஆக்கியது. அவர் கணக்கில் பிழையில்லை, காலம்தான் பிந்தியது. வாசகர் இருக்கிறார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அவரிடமிருந்து வாரந்தோறும் காலணாவைத் திரட்டிக் கொண்டுவரும் சங்கமும் கிளையும் அவருக்கு இல்லை. தங்கவயலில் இருந்ததும் கடையத்தில் இல்லாததும் அதுவே.

அதன் பின்வந்த கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். வாரப் பத்திரிகைகள் பெருகியபோது எழுத்தாளனுக்குப் புதிய வாழ்வொன்று பிறந்தது. 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாள், தம் எழுத்துக்குத் தாமே சந்தை கண்டவர். 1941-இல் ரா. கிருஷ்ணமூர்த்தி தம் புனைபெயராகிய ‘கல்கி’யின் பெயராலேயே பத்திரிகை தொடங்கினார். ஆனால் இவர்கள் வெறும் எழுத்தாளராக மட்டும் வாழவில்லை. பத்திரிகை நடத்துவோராகவும் வாழ்ந்தனர்.

பத்திரிகையைச் சொந்தமாகக் கொள்ளாதவர் நிலை என்ன? புதுமைப்பித்தன் நாளிதழ் அலுவலகங்களில் பணிபுரிந்தார். அதனை விடுத்துத் திரைப்படத்திற்கு எழுதச் சென்றார். படப்பிடிப்புக்காகப் புனே சென்ற இடத்தில் காசநோய் முற்றி, 1948 ஜூன் 30-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். வயது 42. சி. சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கிப் பதினோராண்டு நடத்தினார். மனைவியின் நகையும் அதற்குப் போயிற்று. புத்தகங்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராய், கல்லூரி கல்லூரியாய்ச் சென்று விற்றார். அவருக்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது 2001-இல். அவர் காலமானதோ 1998-இல்.

பிற மாநிலங்களில் வாழ்ந்த தமிழரிடையேயும் இருவர் வாழ்க்கை இங்கே கருதத்தக்கது. செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன் சென்னை வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றினார்; 1966-இல் அதனை விட்டு முழுநேர எழுத்தாளரானார். மிகைச்சொல் இல்லாத அவருடைய நடையைப் போலவே அவர் வாழ்வும் மிக எளிமையாக அமைந்தது. சுஜாதா என்று வாசகர் போற்றிய எஸ். ரங்கராஜனோ பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். தமிழகமெங்கும் அவர் கதைகளுக்காக வாசகர் காத்திருந்த காலத்திலும் அவர் வேலையை விடவில்லை. ஒருவர் வேலையை விட்டு வறுமையை ஏற்றார். மற்றவர் வேலையை வைத்துக்கொண்டு இரவுகளை எழுத்துக்கு ஈந்தார். இருவருடைய எழுத்தும் நிலைத்திருக்கிறது. ஆகவே வேலையை விட்டவனே உண்மை எழுத்தாளன் என்று கருதுவதற்கு வரலாற்றில் இடமில்லை.

இன்றைய கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 200 ரூபாய் விலையுள்ள ஒரு நூலில் 1,000 பிரதிகள் அச்சிடப்படுகின்றன என்று கொள்வோம். ஆசிரியருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் உரிமைத்தொகை என்றால், அனைத்தும் விற்றுத் தீர்ந்த பின் கிடைப்பது 20,000 ரூபாய். விற்றுத் தீர ஓராண்டும் ஆகலாம், ஐந்தாண்டும் ஆகலாம். எழுத ஈராண்டு ஆகியிருக்கும். மூன்று பேர் கொண்ட குடும்பம் இதனைக் கொண்டு எத்தனை மாதம் உண்ணும்? இக்கணக்கை மறைத்து இளைஞனுக்கு ஊக்கம் ஊட்டுவது அவனுக்கு இழைக்கும் தீங்காகும்.

ஆனால் இக்கணக்கை மட்டும் காட்டி அவனைத் திருப்பி அனுப்புவதும் தீங்கே. ஏனெனில் தங்கவயலின் வரலாறு மற்றொரு கணக்கைக் காட்டுகிறது. ஒரே முறை 200 ரூபாய் தரும் ஆயிரம் பேரைவிட, வாரந்தோறும் காலணா தரும் ஐந்நூறு பேர் எழுத்தை நெடுங்காலம் தாங்குவர். அன்று அந்தக் காலணாவைத் திரட்டுவது கடினம். ஒருவர் வீடு வீடாய் வாங்கி, மணியார்டர் செய்து அனுப்பவேண்டும். இன்றோ கைப்பேசி வழியே ஒரு ரூபாயையும் நொடியில் அனுப்பலாம். கருவி எளிதாயிற்று, கொடுக்கும் வழக்கம்தான் குறைந்துவிட்டது. சிறு துளி பெருவெள்ளம் என்று பள்ளியில் எழுதிப் பழகியவர் நாம்; ஆனால் தமிழ்க் கதையோ கட்டுரையோ காசின்றிக் கிடைப்பது இயல்பு என்று எண்ணிக்கொள்கிறோம்.

விடுமுறை முடிந்து திரும்பும் நாளன்று, மாரிக்குப்பம் நிலையத்தில் மருமகனும் நம்முடன் வந்தான். இரயில் புறப்பட நேரம் இருந்தது. பாட்டனாரின் நூலை அவன் கையில் கொடுத்து நாம் கூறியது இதுவே:

“வேலையை இன்று விடாதே. அயோத்திதாசரும் வைத்தியத்தை விடவில்லை. ஆனால் எழுத்தை வேலை முடிந்த பிறகு செய்யும் பொழுதுபோக்காகவும் எண்ணாதே. உனக்கென்று ஐந்நூறு வாசகரைத் தேடு. இந்த இரயிலிலேயே தொடங்கு. அவர்கள் மாதந்தோறும் தங்கள் கையால் ஒரு சிறு தொகை தரட்டும், இலவசமாகக் கொடுக்காதே. அந்தத் தொகை உன் வீட்டு அரிசிக்கு ஆகும் நாளில் என்னிடம் மறுபடியும் கேள்.”

அவன் சிரித்தான். “ஐந்நூறு பேரில் நீங்கள் முதல் ஆளா மாமா?” என்றான்.

அக்கேள்விக்கு விடை சொல்ல நமக்கு நேரம் பிடிக்கவில்லை. ஓராண்டுச் சந்தாவை அங்கேயே கொடுத்தோம். கொடுத்தபோது ஓர் உண்மை மனத்தில் உறைத்தது. நாற்பது வயதைக் கடந்த நாம், சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம், இதுவரை உயிரோடிருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளன் கையில் நேராகக் காசு கொடுத்தது அதுவே முதல் முறை. பூமிக்கடியில் உழைத்த பாட்டனார் நம்மைவிட நல்ல வாசகராக இருந்திருக்கிறார்.

அன்பர்களே, நீங்கள் மும்பையில் இருக்கலாம், தில்லியில் இருக்கலாம், கொல்கத்தாவிலோ ஐதராபாத்திலோ இருக்கலாம். உங்கள் வீட்டிலும் தமிழில் எழுதும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். இல்லையேல் அடுத்த வீட்டில் இருக்கும். அப்பிள்ளை பிழைக்குமா என்று கவலைப்படுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கலைமகள் வீட்டிற்குத் திருமகள் தானாக வருவதில்லை. வாசகர் கைபிடித்து அழைத்து வந்தால் வருவாள். நந்திதுர்க்கிலும் மாரிக்குப்பத்திலும் நம் முன்னோர் அவளை ஒருமுறை அழைத்து வந்தனர். அவர்கள் கையில் இருந்ததோ வெறும் காலணா.